ஐந்து மதிப்பெண் கேள்வி

திருவண்ணாமலை
25.8.85

அன்புள்ள மாமாவுக்கு,

கஸ்தூரி எழுதுவது. நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். ஆக்ராவில் நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் எழுதியிருப்பீர்கள். எலுமிச்சை ஊறுகாய் பார்சலில் வருகிறது. சென்ற முறை போல விமானப் படை முகாம் முழுவதற்கும் பங்கு வைத்துவிட்டு, காலியானது என்று அத்தைக்குக் கடிதம் எழுத வேண்டாம். திட்டு எனக்குத்தான் விழுகிறது.

ஊரில் ஒரே ஒரு செய்தி, அது நான்தான். சுதந்திர தினத்தன்று எங்கள் பள்ளித் தாளாளர் சக்கரவர்த்தி கொடியேற்றிவிட்டுப் பேசினார். “போன வருஷம் நம்ம விமானப் படைக்காரர் ஒருத்தர் விண்வெளிக்கே போயிட்டு வந்தார். அடுத்தாப்பல விமானத்தையே ஓட்டிக்கினு போவாங்க. பெட்ரோல் கொஞ்சம் ஜாஸ்தி போட்டா போதும்” என்றார். எல்லோரும் கை தட்டினோம். மிட்டாய் அதற்குப் பிறகுதான் கொடுப்பார்கள்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் பெண்கள் அந்த விமானம் எப்போது கிளம்பும் என்று கேட்டார்கள். கிளம்பாது என்றேன். ஓர் அகல் விளக்கை ஏற்றிக் கண்ணாடி டம்ளரால் மூடினேன். அணைந்தது. விமான எஞ்சினுக்குள் எரிவதும் நெருப்புதான், அதற்குக் காற்று வேண்டும். இறக்கையைத் தாங்கி நிற்பதும் காற்றுதான். மேலே போகப் போகக் காற்றே கிடையாது என்றேன். ராக்கெட் மட்டும், எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவையும் கட்டுச்சோறு போலக் கூடவே எடுத்துப் போகிறது என்றேன். அதுவரை ஒரு வம்பும் இல்லை.

வள்ளி என்று ஒரு பெண் இருக்கிறாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். “டீச்சர், அப்போ மலை மேல ஏத்தற தீபக் கொப்பரையை அங்க தூக்கினு போய் வெச்சா?” என்று கேட்டாள். இந்தப் பள்ளியில் மூன்று வருடமாக நான் எதிர்பார்த்திருந்த மாதிரிக் கேள்வி. சந்தோஷத்தில் யோசிக்காமல், “அணைஞ்சிடும்” என்றேன்.

நான்கு மணிக்குப் பள்ளி விட்டபோது, தீபம் அணையும் என்று டீச்சர் சொன்னாளாம். தேரடி வீதிப் பூக்கடை வந்து சேர்ந்தபோது, இந்த வருடம் தீபமே எரியாதாம். கடைசிப் பஸ் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேர்வதற்குள் நானே மலையேறி ஊதி அணைத்திருக்கிறேன்.

தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். வருடா வருடம் தீபத்துக்கு நெய் கொடுப்பவர் அவர். “எங்க வீட்டு நெய் எங்க வெச்சாலும் எரியும். எரியலேன்னா அது வேற யாரு வீட்டு நெய்யாவது இருக்கும்” என்றார். நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். காலை வழிபாட்டில் படிப்பார்களாம். என் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். டிசம்பரில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. “ரெண்டு வரிதானே கஸ்தூரி” என்றார் தலைமையாசிரியை சரோஜா அம்மாள். என்னிடம் அந்த இரண்டு வரி இல்லை என்றேன்.

கடைசியில் தாளாளர் சொன்னார்: “பொம்பளை சொல்றதை எப்படி எடுத்துக்கறது? விமானத்தைத் தொட்டவங்க யாராச்சும் சொல்லட்டும்.” பதின்மூன்று வருடமாக விமான எஞ்சினுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும், அவரைத்தான் கட்டிக்கொண்டேன். எஞ்சின் எரியக் காற்று வேண்டும் என்று பெயரும் பதவியும் போட்டு எழுதி அனுப்புங்கள். இரண்டு வரி போதும்.

உங்கள்
கஸ்தூரி


ஆக்ரா
6.9.85

அன்புள்ள கஸ்தூரிக்கு,

ஊறுகாய் வந்தது. பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மூன்று மாநிலத்துக்காரர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள்.

நீ சொன்னது சரிதான். இங்கே பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்துப் பையன்களுக்கே தெரியும். ஆனால் நாங்கள் விமான விஷயம் எதையும் வெளியாருக்கு எழுதக் கூடாது என்று விதி இருக்கிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது என்பதும் விமான விஷயம்தானே. நான் எழுதி, அது யார் கைக்காவது போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது?

இன்னொன்றும் யோசி. 1987-இல் எனக்குப் பதினைந்து வருடம் முடிகிறது. ஊருக்கு வந்தால் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை தருவதாகச் சக்கரவர்த்தி போன விடுமுறையில் தோளில் கை போட்டுச் சொன்னார். நாம் பிழைக்கப் போவது அந்த ஊரில்தான், விண்வெளியில் இல்லை.

இங்கே தினமும் நாங்கள் செய்வதுதான் இது. சூரியன் மேற்கே உதிக்கும் என்று அதிகாரி சொன்னால், “எத்தனை மணிக்கு சார்?” என்று கேட்டுக்கொண்டு போய் வரிசையில் நிற்போம். சூரியன் அது பாட்டுக்கு உதித்துக்கொள்கிறது. இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்
ராமதாஸ்


திருவண்ணாமலை
14.9.85

அன்புள்ள மாமாவுக்கு,

நெருப்புக்குக் காற்று வேண்டும் என்பது இராணுவ இரகசியம் என்று தெரியாமல் ஒரு வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டேன். அதைவிடக் கவலை, அந்த இரகசியம் உங்கள் வீட்டிலேயே கசிந்திருக்கிறது. உங்கள் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பங்கரையிலிருந்தே பதில் வந்தது:

“மூடினா அணையும்னு அடுப்பு பத்த வெக்கிற எல்லாருக்கும் தெரியும்டி. அதைச் சொன்னதுக்கா எம் மருமவளை மன்னிப்பு கேக்கச் சொல்றான்? அவன் ஊட்ல யாரு சமைக்கிறா, அவளைக் கூப்புடு நான் கேக்கறேன்.”

நான் கூப்பிடவில்லை. உங்கள் அம்மா ராணியம்மாள் கேட்கத் தொடங்கினால் பாதியில் நிறுத்த மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும்.

சாமி விஷயத்தையும் யோசித்துப் பார்த்தேன். நம் ஊர் அக்கினித் தலம். காளத்தி வாயுத் தலம். நெருப்புக்கும் காற்றுக்கும் உள்ள உறவு கோயில் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நெய் ஊற்றுகிறவருக்குத்தான், காளத்திக்கு இவ்வளவு பஸ் விட்டும் தெரியவில்லை. அண்ணாமலையார் என்னிடம் கோபமாக இருந்தால் நேரில் தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை போனேன். எப்போதும் போலத்தான் இருந்தார்.

நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. மன்னிப்பு என்றால் மட்டும் தயங்காமல் கேட்பேன். போன மாதம் ஒரு பெண்ணுக்கு மதிப்பெண் தவறாகக் கூட்டிவிட்டு வகுப்பின் முன்னால் கேட்டேன். ஆனால் தாளாளர் கேட்பது மன்னிப்பு இல்லை. விளக்கு அணையவில்லை என்று எழுதச் சொல்கிறார். நாற்பத்திரண்டு பேர் அது அணைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். சூரியன் மேற்கே உதிக்கும் என்று எங்கள் பள்ளியில் எழுதினால் நாங்கள் மணி கேட்பதில்லை. சுழி போடுவோம்.

உங்கள் இரண்டு வரிக்கு இன்னும் காத்திருக்கிறேன். காலாண்டுத் தேர்வு இந்த மாதக் கடைசியில். கேள்வித்தாள் நான்தான் எடுக்கிறேன்.

உங்கள்
கஸ்தூரி


ஆக்ரா
22.9.85

அன்புள்ள கஸ்தூரிக்கு,

இனி நீ எதற்கும் கவலைப்பட வேண்டாம். எல்லாவற்றையும் நான் இங்கிருந்தே முடித்துவிட்டேன். நீ ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை. எப்படி என்று கேட்காதே.

நவம்பர் 20 முதல் விடுமுறை கிடைத்திருக்கிறது. தீபத்துக்கு வீட்டில் இருப்பேன். உனக்கு இங்கே கடையில் ஒரு நீலச் சேலை பார்த்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்
ராமதாஸ்


திருவண்ணாமலை
9.10.85

சார்ஜென்ட் ராமதாஸ் அவர்களுக்கு,

எப்படி என்று நான் கேட்கவில்லை. செப்டம்பர் 26 அன்று காலை வழிபாட்டில், நானூறு பெண்களுக்கு முன்னால், சரோஜா அம்மாள் அவர்களே படித்துக் காட்டினார்கள். விமானப் படைக்காரர் எழுதும் கடிதம் பள்ளிக்கே பெருமை, வந்தால் வழிபாட்டில் படிக்க வேண்டும் என்று தாளாளர் உத்தரவாம். நீங்கள் எழுதியது உங்களுக்கு மறந்திருக்கலாம். எனக்கு மனப்பாடம்:

“என் மனைவி அறியாமையால் சொல்லிவிட்டாள். அவள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அண்ணாமலையார் தீபம் எங்கும் எரியும். போதிய எரிபொருள் இருந்தால் விமானம் எங்கும் பறக்கும் என்பதைப் பதின்மூன்று ஆண்டுகளாக விமானப் படையில் பணியாற்றும் நான் உறுதி கூறுகிறேன்.”

விமான விஷயத்தை வெளியாருக்கு எழுதக் கூடாது என்ற விதி, பொய்யாக இருந்தால் தளரும் போலிருக்கிறது.

மறுநாள் அறிவியல் தேர்வு. கேள்வித்தாள் முன்பே அச்சாகிவிட்டது. கடைசிக் கேள்வி: விமானம் விண்வெளியில் பறக்க முடியாதது ஏன்? ஐந்து மதிப்பெண்.

நாற்பத்தொரு பெண்கள், “சார்ஜென்ட் ராமதாஸ் அவர்கள் கூறியபடி” என்று தொடங்கி, விமானம் பறக்கும் என்று எழுதியிருந்தார்கள். சிலர் உங்கள் பெயருக்குக் கீழே கோடும் போட்டிருந்தார்கள். டீச்சருடைய வீட்டுக்காரர் சொன்னதை எழுதினால் டீச்சர் மதிப்பெண் போடாமலா இருப்பாள் என்று கணக்கு. புத்திசாலிப் பெண்கள்தான். நாற்பத்தொரு பேருக்கும் சுழி போட்டேன்.

வள்ளி மட்டும் சரியாக எழுதியிருந்தாள். கடைசியில், “சார் சொன்னது தப்பு. நான் வீட்டில் மூன்று முறை டம்ளர் போட்டுப் பார்த்தேன்” என்றும் எழுதியிருந்தாள். ஐந்துக்கு ஐந்து.

தாளாளர் வந்தார். “உம் புருஷன் எழுதின பதிலுக்கே முட்டை போட்டிருக்கியேம்மா” என்றார். பதிலுக்குத்தான் போட்டேன், புருஷனுக்கு இல்லை என்றேன். எல்லோருக்கும் ஐந்து போட்டுக் கொடுத்தால் டிசம்பரில் கையெழுத்து உண்டு என்றார். மதிப்பெண்ணைப் பதிவேட்டில் மையால் ஏற்றிவிட்டேன் என்றேன். திங்கட்கிழமையிலிருந்து நான் அறிவியல் எடுக்கக் கூடாதாம். தையல் வகுப்பு எடுக்க வேண்டுமாம்.

உங்கள் கடிதத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். பலகை என் பொறுப்பு. நான் ஒட்டவில்லை, திருத்தினேன். இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் இருப்பவை என் குறிப்புகள். ‘அறியாமையால்’ என்ற சொல்லை அடித்திருக்கிறேன், அது உங்கள் வாக்கியத்தில் இடம் மாறி நிற்கிறது.

மதிப்பெண்: 5க்கு 0.

கஸ்தூரி


ஆக்ரா
17.10.85

கஸ்தூரிக்கு,

உன் உறையைப் பட்டறையில் வைத்துப் பிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பஞ்சாபிக்காரர் அவ்வளவு சிவப்பு மையைப் பார்த்துவிட்டு, என்ன இது என்று கேட்டார். வைத்தியர் சீட்டு என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

நான் யாருக்காக எழுதினேன்? உன் வேலைக்காக. அம்மா அந்தத் தெருவில் நடக்க வேண்டுமே என்பதற்காக. எது சரி என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. சரியானதை யாரிடம் சொல்ல வேண்டும், யாரிடம் சொல்லக் கூடாது என்பதில்தான் நீயும் நானும் வேறு.

அந்த நாற்பத்தொரு பெண்கள் என்ன பாவம் செய்தார்கள்? கருணை மதிப்பெண் என்று ஒன்று உண்டுதானே. ஐந்து மதிப்பெண்ணுக்காக யாராவது வேலையையும் குடும்பத்தையும் பணயம் வைப்பார்களா? ஒரு வார்த்தை விட்டுக்கொடு. மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

ராமதாஸ்


திருவண்ணாமலை
27.10.85

சார்ஜென்ட் அவர்களுக்கு,

தையல் வகுப்பு நன்றாக நடக்கிறது. ஒன்பதாம் வகுப்பு முதல் வாரம் கைக்குட்டை ஓரம் அடித்தார்கள். இரண்டாம் வாரம் கைக்குட்டையின் நான்கு மூலையிலும் நூல் கட்டிப் புளியங்கொட்டைப் பொட்டலம் தொங்கவிட்டார்கள். மாடி வராந்தாவிலிருந்து போட்டால் அசைந்து அசைந்து இறங்குகிறது. ஆக்ராவில் ஆட்கள் குதிப்பதாக எழுதுவீர்களே, அதே பாராசூட்தான். காற்றே இல்லாத இடத்தில் போட்டால் எப்படி விழும் என்று கேட்டேன். “கல்லாட்டம்” என்றார்கள், நாற்பத்திரண்டு பேரும். இது தையல் பாடமா என்று தாளாளர் கேட்டார். ஓரத் தையலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தையலில் அவரால் குறை சொல்ல முடியவில்லை.

கருணை மதிப்பெண் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பெரிய மனிதர் சொன்னதை அப்படியே எழுதினால் ஐந்து கிடைக்கும் என்று ஒரு பெண் பதினான்கு வயதில் தெரிந்துகொண்டால், அப்புறம் ஆயுசுக்கும் அதையே எழுதிக்கொண்டிருப்பாள். அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன். அதற்குப் பதில் மறுதேர்வு வைத்தேன், தையல் வகுப்பிலேயே, ஊசியைக் கீழே வைத்துவிட்டு. ஒவ்வொருத்தியும் விளக்கை மூடிப் பார்த்த பிறகு எழுதினாள். நாற்பத்தொரு பேரும் தேறிவிட்டார்கள். பள்ளிப் பதிவேட்டில் பழைய சுழிதான். என் சொந்த நோட்டில் புது மதிப்பெண்.

அந்தப் பதிலை எழுதி, இன்னும் மறுதேர்வு எழுதாதவர் ஒருவர்தான்.

கேள்வி அதேதான். விடையைத் தாளாளருக்கு அனுப்ப வேண்டும், எனக்கு நகல் போதும். பொய்யை நானூறு பேர் முன்னால் சொன்னவர் மெய்யை மனைவியிடம் மட்டும் காதோடு சொல்லித் தப்பிக்க முடியாது. தேறும்வரை விடுமுறைக்கு இங்கே வர வேண்டாம். கீழ்பென்னாத்தூரில் பூட்டிக் கிடக்கும் உங்கள் பூர்வீக வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால், சாவி அத்தையின் இடுப்பில் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

கஸ்தூரி


ஆக்ரா
4.11.85

அன்புள்ள கஸ்தூரிக்கு,

அம்மாவிடம் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

அதற்குப் பதில் என் அதிகாரியிடம் போனேன். விமானத்துக்குக் காற்று வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூடத்துக்கு எழுதலாமா சார் என்று கேட்டேன். சிரித்து முடிக்கவே அவருக்கு நேரம் பிடித்தது. “காற்று இரகசியம் இல்லை, ராமதாஸ்” என்றார். பதின்மூன்று வருடத்தில் ஓர் அதிகாரியிடம் மணி கேட்காமல் விஷயம் கேட்டது இதுதான் முதல் தடவை. இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம். கேட்டால் அனுமதி கொடுத்துவிடுவாரோ என்று பயந்துதான் கேட்கவில்லை.

கீழே இருப்பதைத் தாளாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

ஐயா,

விமானம் விண்வெளியில் பறக்க முடியாதது ஏன்?

விமானத்தின் எடையைத் தாங்குவது காற்று. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. காற்று இல்லாத இடத்தில் இறக்கை வெறும் தகரம். எங்கள் விமானங்களின் காற்றாடி காற்றைப் பின்னால் தள்ளித்தான் முன்னால் போகிறது; தள்ள ஒன்றும் இல்லையென்றால் சும்மா சுற்றும். அதுகூடச் சுற்றாது, ஏனென்றால் எஞ்சினுக்குள் எண்ணெய் எரிய வெளிக்காற்றிலிருந்துதான் பிராணவாயு வர வேண்டும். ஒரு குளிர்காலத்தில், தரையில் ஓட்டிப் பார்த்தபோது, காற்று உள்ளே போகும் வழியை ஒரு துணி அடைத்துக்கொண்டு என் கண்முன்னே எஞ்சின் நின்றது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தது. ஆகையால் பெட்ரோல் ஜாஸ்தி போடுவதால் பயனில்லை. விமானத்தை மேலே திருப்ப வாலில் இருக்கும் சிறகும் உதவாது, அதுவும் காற்றில்தான் வேலை செய்கிறது. நம்மவர் போய்வந்தது ராக்கெட்டில். அது பிராணவாயுவைத் தன்னோடு கொண்டுபோகிறது.

கொப்பரையும் அப்படியே. காற்றில்லாத இடத்தில் எந்த வீட்டு நெய்யும் எரியாது.

முன்பு நான் எழுதியது பொய். பொய் என்று தெரிந்தே எழுதினேன். அறியாமை என் மனைவியுடையது அல்ல. அவள் சொன்னதால் இது சரி என்று ஒப்புக்கொள்கிறேன். உடற்பயிற்சி ஆசிரியர் பதவியை வேறு யாருக்காவது கொடுக்கலாம்.

இவ்வளவுதான் கஸ்தூரி. கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். திருத்தி அனுப்பு.

ராமதாஸ்


திருவண்ணாமலை
14.11.85

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பதிவுத் தபால் தாளாளர் பெயருக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்தது. அவர் நெய் விஷயமாகக் கோயிலுக்குப் போயிருந்தார். அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் சரோஜா அம்மாள் உறையைப் பிரித்தார்கள். விமானப் படைக்காரர் கடிதம் வந்தால் வழிபாட்டில் படிக்க வேண்டும் என்ற உத்தரவை யாரும் திரும்பப் பெறவில்லையே. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, குரலைத் தாழ்த்தாமல் படித்தார்கள். பாதியில் தாளாளரின் கார் உள்ளே வந்தது. “மணி அட்றா” என்று அங்கிருந்தே கத்தினார். மணியடிக்கும் காசி, கேட்டு முடிச்சுட்டு அடிக்கிறேங்க என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றான். உடற்பயிற்சி ஆசிரியர் பதவி வரும்போது ஒன்பதாம் வகுப்பு கை தட்டியது. மிட்டாய் கொடுக்காமலே.

அன்று மாலையே எனக்கு உத்தரவு வந்தது. டிசம்பர் 31-உடன் என் வேலை முடிகிறது. எனக்குப் பதிலாக வருகிறவர் முதல் வேலையாக அந்தச் சுழிகளைத் திருத்த வேண்டுமாம். திருத்திப் பார்க்கட்டும். நல்ல மை, தாள் கிழியும்.

வேலூருக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என் பெயரைப் புதுப்பித்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வள்ளியும் இன்னும் பதினோரு பேரும் நம் வீட்டுக்கு வருகிறார்கள். டம்ளர் எல்லாம் கரி பிடித்துக் கிடக்கிறது என்று அத்தை திட்டுகிறார். திட்டிவிட்டு அடுத்த டம்ளரையும் எடுத்துக் கொடுக்கிறார்.

உங்கள் விடைத்தாளைத் திருத்திவிட்டேன். 5க்கு 3.

இரண்டு ஏன் குறைந்தது என்று கேட்பீர்கள். ஒன்று, தாமதம். மற்றது, “அவள் சொன்னதால் இது சரி” என்ற வரிக்கு. அதை அடித்திருக்கிறேன். காற்று இல்லாததால்தான் விமானம் பறக்காது, நான் சொன்னதால் இல்லை. நாளைக்கு நான் மாற்றிச் சொன்னாலும் பறக்காது. அப்போது எனக்கும் சுழி போட நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஐந்துக்கு இரண்டு வாங்கினாலே தேர்ச்சி. தீபாவளி அதிரசத்தில் உங்கள் பங்கை அத்தை ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடி வைத்திருக்கிறார். இருபதாம் தேதி ரயிலேறுங்கள். நீலச் சேலை விற்றுப்போகாமல் இருந்தால் வாங்கி வரலாம்.

உங்கள்
கஸ்தூரி